எகிப்தில் கிடைத்த கிரேக்கப் பாப்பிரஸ் (நாணல் தாள்) ஏடுகள் நமக்கு எவற்றைத் தெரிவிக்கின்றன?

இதற்கான விடையில் பெரும்பகுதி, எகிப்தின் ஆக்சிரிங்கஸ் நகரத்தார் வேண்டாமென்று கொட்டிய குப்பைமேடுகளில் கிடைத்தது. 1896-97 குளிர்காலத்தில் ஆக்ஸ்ஃபோர்டு அறிஞர்களான கிரென்ஃபெல், ஹன்ட் இருவரும் அங்கே அகழத் தொடங்கினர். மழை அரிதான அந்த வறண்ட மணல், நாணல் தாள்களை மட்காமல் காத்து வைத்திருந்தது.

இலக்கியத்தில், கிரேக்கப் பெண்பாற் புலவர் சாஃபோவின் பாடற் பகுதிகளும், பெயரளவிலேயே அறியப்பட்டிருந்த சோஃபக்ளீஸின் நாடகம் ஒன்றின் சில நூறு வரிகளும் அக்குப்பையிலிருந்து மீண்டன. வேறிடத்தில் கிடைத்து 1891-இல் பதிப்பிக்கப்பட்ட, ஏதென்ஸின் ஆட்சிமுறை பற்றிய அரிஸ்டாட்டில் நூல், பண்ணைக் கணக்கு எழுதிய சுருள்களின் பின்புறத்தில் படியெடுக்கப்பட்டிருந்தது. தாளின் விலை அப்படி.

ஆயினும், என் பார்வையில், காவியங்களைவிடக் கடிதங்களே அக்காலத்தை நெருக்கமாகக் காட்டுகின்றன. கி.மு. 1-இல் அலெக்சாந்திரியாவிலிருந்து ஹிலாரியோன் என்ற தொழிலாளி தன் மனைவிக்கு எழுதிய கடிதம், "உன்னை எப்படி மறப்பேன்" என்று உருகுகிறது. அதே கடிதம், பிறப்பது ஆணாயின் வைத்துக்கொள், பெண்ணாயின் எறிந்துவிடு என்றும் சர்வசாதாரணமாகச் சொல்கிறது. தந்தை தன்னை அலெக்சாந்திரியாவுக்கு அழைத்துச் செல்லாததால் சினந்த தியோன் என்ற சிறுவனோ, உண்ணவும் மாட்டேன், பருகவும் மாட்டேன் என்று பிழைகள் மலிந்த கிரேக்கத்தில் மிரட்டுகிறான்.

நமக்கு நேரடித் தொடர்புடைய ஏடும் ஒன்று உண்டு. வியன்னாவில் உள்ள கி.பி. 2-ஆம் நூற்றாண்டு ஏட்டின் ஒருபுறம் சேரநாட்டுத் துறைமுகமான முசிறியுடனான வணிகத்துக்குரிய கடன் ஒப்பந்தத்தையும், மறுபுறம் ஹெர்மப்போலான் என்னும் கப்பல் சுமந்துவந்த யானைத் தந்தம் முதலிய சரக்குகளின் மதிப்பையும் கொண்டுள்ளது. யவனர் கலம் பொன்னொடு வந்து மிளகொடு திரும்பியதாக அகநானூறு பாடும் முசிறிதான் அது.