ஒரு பக்கம் காலி என்றால் புரோட்டான் பிழைத்ததா?

கேள்வி: முதுகலை இயற்பியல் கடைசிப் பருவத்தில் இருக்கிறேன். செர்ன் ஆய்வகத்தின் புரோட்டான் மோதல் முடுக்கியான எல்ஹெச்சியில் 2010-இல் 7 டெரா எலக்ட்ரான் வோல்ட்டில் எடுத்து, பிறகு பொதுவில் வெளியிட்ட சிஎம்எஸ் டிடெக்டரின் தரவை வைத்து, மோதியும் புரோட்டான் உடையாமல் தப்பக்கூடிய விளிம்பு விளைவுச் சிதறல் (டிஃப்ராக்‌ஷன்) பற்றி ப்ராஜெக்ட் செய்கிறேன். டிடெக்டரில் ஒரு பக்கம் துகளே இல்லாமல் காலியாக இருந்தால் அதை விளிம்பு விளைவு நிகழ்வு என்று எண்ணிவிடலாமா? இவ்வளவு ஆற்றலில் மோதியும் ஒரு புரோட்டான் உடையாமல் போவது எப்படி?

பதில்: இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அது பிடிபட்டால் முதல் கேள்விக்கான விடை பாதி வந்துவிடும்.

புரோட்டானுக்குள் இருக்கும் குவார்க்குகளும் அவற்றைப் பிணைக்கும் குளுவான்களும் ‘நிறம்’ என்ற பண்பைச் சுமப்பவை. புரோட்டான் மொத்தமாகப் பார்த்தால் நிறமற்றது. வழக்கமான மோதலில் ஒரு புரோட்டானிலிருந்து மற்றதற்கு ஒரு குளுவான் தாவுகிறது. குளுவான் நிறத்தோடு போவதால் இரண்டு புரோட்டான்களுமே நிறமற்ற நிலையை இழக்கின்றன. எதிரெதிர்த் திசையில் பறக்கும் அவற்றுக்கு நடுவே வலிமையான விசையின் புலம் கயிறு மாதிரி இழுபடுகிறது. கயிறு ஒரு ஃபெர்மி தூரம் (ஏறக்குறைய ஒரு புரோட்டானின் அளவு) நீள ஏறக்குறைய 1 ஜிகா எலக்ட்ரான் வோல்ட் (ஜிஇவி) ஆற்றல் வேண்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள், சுமார் 16 டன் எடைக்குச் சமமான இழுவிசை வரும். மின்விசை தூரம் கூடக்கூடத் தளரும், இது தளர்வதில்லை. கடைசியில் கயிறு பல இடங்களில் அறுந்து, அறுந்த முனைகளில் புதிய குவார்க்கும் எதிர்க்குவார்க்கும் முளைத்து, பையான் என்னும் சிறு துகள்களாக நாலாபுறமும் கொட்டுகின்றன. டிடெக்டரில் இடைவிடாமல் துகள்கள் தெரிவது இதனால்தான்.

ஆனால் தாவுவது ஒன்றல்ல, நிறம் ஒன்றையொன்று ஈடுகட்டும் இரண்டு குளுவான்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தப் பரிமாற்றமும் நிறமற்றது. கயிறு கட்டப்படவே இல்லை, அறுவதற்கும் ஏதுமில்லை. புரோட்டான் கொஞ்சம் உந்தத்தை மட்டும் இழந்து முழுசாகப் போய்விடும். இந்த நிறமற்ற பரிமாற்றத்துக்குத்தான் சோவியத் இயற்பியலாளர் இசாக் பொமரான்சுக்கின் நினைவாக ‘பொமரான்’ என்று பெயர். இது அபூர்வமான விஷயமும் அல்ல. 13 டெரா எலக்ட்ரான் வோல்ட்டில் எல்ஹெச்சியின் டோட்டெம் குழு அளந்த மொத்தக் குறுக்குப் பரப்பு, அதாவது மோதல் நடக்கும் வாய்ப்பின் அளவு, சுமார் 110 மில்லிபார்ன். அதில் இரண்டு புரோட்டான்களுமே உடையாமல் சிதறும் மீள்மோதல் மட்டும் 31. மீதியிலும் ஏறக்குறைய கால் முதல் மூன்றில் ஒரு பங்கு உங்கள் விளிம்பு விளைவு ரகம்தான். வட்டத் தகடு ஒன்றில் பட்டு வளையும் ஒளியைப் போலவே மீள்சிதறலிலும் ஓர் உச்சம், அப்புறம் ஒரு பள்ளம் என்று வருவதால்தான் ‘விளிம்பு விளைவு’ என்ற பெயர் ஒட்டிக்கொண்டது.

இனி உங்கள் ப்ராஜெக்ட். ஒவ்வொரு காலியிடத்தையும் ஒரு பொமரான் என்று எண்ணக் கூடாது. சாதாரண மோதலிலும் கயிறு அறும்போது தற்செயலாக ஒரு பகுதியில் துகளே விழாமல் போகலாம். தனி நிகழ்வு ஒன்றைப் பார்த்து இது எந்த ரகம் என்று யாராலும் சொல்ல முடியாது. பரவலைப் பார்த்தால் சொல்லலாம். தற்செயல் இடைவெளிகள், அகலம் கூடக்கூட எக்ஸ்போனென்ஷியலாகச் சரிகின்றன. பொமரான் விட்டுச்செல்லும் இடைவெளிகள் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் நீள்கின்றன. எல்ஹெச்சியின் இன்னொரு டிடெக்டரான அட்லஸின் குழு 7 டெரா எலக்ட்ரான் வோல்ட் தரவில் இதை அழகாகக் காட்டியது. இடைவெளியை அளக்கும் அலகு சூடோரேப்பிடிட்டி, கற்றையோடு துகள் போகும் கோணத்தைச் சொல்லும் எண்: முதலில் செங்குத்தான சரிவு, இடைவெளி 3 அலகைத் தாண்டியதும் அலகுக்கு சுமார் 1 மில்லிபார்ன் என்ற சமதளம். இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த வரைபடம் அதுதான். உங்கள் தரவிலும் சரிவு சமதளமாக மாறும் அந்த முழங்கையைத் தேடுங்கள்.

அகலத்தை முன்கூட்டியே கணக்கிடவும் முடியும். உடைந்த புரோட்டானின் சிதைவுகள் சேர்ந்த நிறையை மோதல் ஆற்றலால் வகுத்து, அதன் இருமடியை எடுங்கள். அதைத் தலைகீழாக்கி இயல் மடக்கை எடுத்தால் இடைவெளி கிடைக்கும். நிறை 70 ஜிஇவி என்றால் விகிதம் நூறில் ஒன்று, இருமடி பத்தாயிரத்தில் ஒன்று, இடைவெளி 9.2 அலகு. 7 டெரா எலக்ட்ரான் வோல்ட்டில் மொத்த நீளமே 18 அலகுக்குச் சற்றுக் குறைவு. சிஎம்எஸ்ஸில் கற்றைக்கு அருகே போகும் துகள்களின் ஆற்றலை அளக்கும் முன்கலோரிமீட்டர் பார்ப்பது சூடோரேப்பிடிட்டி 5 வரைதான், அதாவது கற்றையோடு ஒரு பாகைக்கும் குறைவான கோணம் வரை. எனவே அந்த 9.2-இல் உங்கள் கண்ணுக்குத் தெரிவது ஏறக்குறைய பாதி. நிறை 7 ஜிஇவி-க்குக் கீழே போனால் சிதைவுகள் முழுவதுமே கற்றைக்குழாய்க்குள் போய்விடும், நிகழ்வே பதிவாகாது.

இதன் இன்னொரு விளைவைப் பலர் கவனிப்பதில்லை. காலிப் பக்கத்துப் புரோட்டானும் லேசாக உடைந்து, அதன் துண்டுகள் குழாய்க்குள் ஓடியிருக்கலாம். புரோட்டான் பிழைத்தது என்று உறுதியாகச் சொல்ல அதையே பிடிக்க வேண்டும். அதற்காகத்தான் மோதல் புள்ளியிலிருந்து சுமார் 220 மீட்டர் தள்ளி, கற்றைக்குச் சில மில்லிமீட்டர் அருகே நுழைக்கும் ‘ரோமன் பாட்’ கருவிகள் இருக்கின்றன. 1970-களின் தொடக்கத்தில் செர்னில் ரோம் நகரக் குழுவோடு சேர்ந்து பயன்படுத்தியதால் வந்த பெயர் அது. அந்தத் தகவல் இல்லாமல் வேலை செய்கிறீர்கள் என்றால், அறிக்கையில் ‘புரோட்டான் உடையாத நிகழ்வுகள்’ என்று எழுதாமல் ‘முன்திசை இடைவெளி நிகழ்வுகள்’ என்று எழுதுங்கள். தேர்வாளர் கேட்டால் தைரியமாக விளக்கலாம்.

நடைமுறையில் 2010-இன் ஆரம்பகால ஓட்டங்களையே எடுங்கள். பின்னாளில் ஒரே கற்றைக் குறுக்கீட்டில் பல மோதல்கள் சேர்ந்து நடப்பதால், ஒன்றின் இடைவெளியை மற்றொன்றின் துகள்கள் நிரப்பிவிடும். ‘துகள் இல்லை’ என்று சொல்லும் ஆற்றல் வரம்பையும் மாற்றிப் பாருங்கள். அட்லஸ் குழு குறுக்கு உந்த வரம்பை 200-இலிருந்து 800 எம்இவி வரை உயர்த்திப் பார்த்தது. வரம்பு கூடினால் தற்செயல் இடைவெளிகள் பெருகும், முழங்கை வலப்பக்கம் நகரும். அப்புறம் மோதல்களைக் கணினியில் உருவாக்கிக் காட்டும் பித்தியா நிரலில் விளிம்பு விளைவை முழுக்க அணைத்துவிட்டு அதே வரைபடத்தைப் போடுங்கள். உங்கள் தரவு அதிலிருந்து பிரிந்து மேலே நிற்கும் இடத்திலிருந்து எண்ணத் தொடங்குங்கள்.

ஜெட்டுகளோடு (ஒரே திசையில் கொத்தாகப் பாயும் துகள்கள்) கூடிய இடைவெளிகளைத் தேடப் போகிறீர்கள் என்றால் ஓர் எச்சரிக்கை. ஹாம்பர்க்கின் ஹெரா முடுக்கியில் எலக்ட்ரான்–புரோட்டான் மோதல்களிலிருந்து பொமரானின் உள்ளமைப்பை அளந்தார்கள். அந்த அளவை வைத்து அமெரிக்காவின் புரோட்டான்–எதிர்ப்புரோட்டான் முடுக்கியான டெவட்ரானுக்குக் கணித்தபோது, அங்கிருந்த சிடிஎஃப் குழு கண்டது எதிர்பார்த்ததில் பத்தில் ஒரு பங்குதான். புரோட்டான் இன்னொரு புரோட்டானோடோ எதிர்ப்புரோட்டானோடோ மோதும்போது அவற்றின் மற்ற குவார்க், குளுவான்களும் உரசி, இடைவெளியை நிரப்பிவிடுகின்றன. உங்கள் எண்ணிக்கை கணிப்பைவிடப் பலமடங்கு குறைந்தால் நிரலில் பிழை தேடி இரவெல்லாம் கண்விழிக்காதீர்கள், முதலில் இதைக் கணக்கில் சேருங்கள்.