பிளாஸ்டிக் விரிப்பு எந்தப் பக்கம்?

கேள்வி: கனடாவில் வேலை செய்யும் என் மகன், தாத்தா வாங்கிப்போட்ட நிலத்தில் மரச்சட்ட வீடு கட்ட ஆசைப்படுகிறான். அங்கே அவன் குடியிருக்கும் வீட்டின் வரைபடத்தையே அனுப்பியிருக்கிறான். நம் ஊர் மழைக்கும் கறையானுக்கும் அது தாங்குமா? பக்கத்துத் தோட்டத்தில் பால்மரம் (ரப்பர் மரம்) வெட்டுகிறார்கள். அந்தப் பலகையை வாங்கிப் பயன்படுத்தலாமா?
– ஒரு வாசகர், சுங்கை சிப்புட், மலேசியா

பதில்: மர வீடு தாராளமாகத் தாங்கும் ஐயா. நம் தோட்டத்து லயங்களில் எத்தனையோ பலகை வீடுகளுக்கு நானே சட்டம் மாற்றியிருக்கிறேன். ஆனால் அந்த வரைபடத்தை அப்படியே கட்ட வேண்டாம்.

அங்கே சுவர் எழுப்பும் விதம் இது. 2க்கு 4 அங்குலம் அல்லது 2க்கு 6 அங்குலக் கட்டைகளை 16 அங்குலத்துக்கு ஒன்றாக நிறுத்துவார்கள். பெயர்தான் 2க்கு 4, அளந்தால் 38க்கு 89 மில்லிமீட்டர்தான் இருக்கும். வெளியே பிளைவுட், நடுவே குளிரைத் தடுக்கும் பஞ்சு, உள்பக்கம் பிளாஸ்டிக் விரிப்பு, அதன்மேல் ஜிப்சம் பலகை. குளிர்காலத்தில் வீட்டுக்குள் இருக்கும் சூடான ஈரக்காற்று சுவருக்குள் போய்த் தண்ணீராகிவிடக் கூடாது என்பதற்காகத்தான் விரிப்பை உள்பக்கம் போடுகிறார்கள்.

நமக்கு வெளியே புழுக்கம், உள்ளே ஏர்கோன் (ஏசி). ஈரம் வெளியிலிருந்து உள்நோக்கி வரும். வந்து, குளிர்ந்து கிடக்கும் அந்தப் பிளாஸ்டிக்கில் பட்டு, தே ஐஸ் கிளாஸ் வேர்ப்பதுபோல் சுவருக்குள்ளேயே வேர்க்கும். வெளியே பெயிண்ட் பளபளவென்று இருக்கும்; உள்ளே கட்டை பூசணம் பிடித்து இற்றுக்கொண்டிருக்கும். அதனால் உள் விரிப்பை எடுத்துவிடச் சொல்லுங்கள். ஈரத்தடுப்பு விரிப்பு பிளைவுட்டுக்கு வெளியே வரட்டும். அதற்கும் மழை படும் வெளிப் பலகைக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளி விட்டு, மேலும் கீழும் காற்றுப் போக வழி வையுங்கள். ஏர்கோன் அறைக்கு வினைல் வால்பேப்பர் ஒட்டாதீர்கள், அதுவும் இன்னொரு பிளாஸ்டிக் விரிப்புதான். கூரையை மூன்றடியாவது வெளியே இழுத்துவிட்டால் சாரல் நன்றாகக் குறையும்.

கறையான் பெரும்பாலும் மண்ணிலிருந்துதான் ஏறும். மகனின் வரைபடத்தில் தளம் தரையோடு ஒட்டி இருந்தால் மாற்றுங்கள். கான்கிரீட் தூண்மேல், ஆள் குனிந்து போய்ப் பார்க்கும் உயரத்தில் தளம் அமையட்டும். தூணின் தலையில், ஓரம் மடக்கிய தகரத் தொப்பி வையுங்கள். தொப்பி கறையானைத் தடுக்காது. ஆனால் அதைச் சுற்றி ஏற மண்குழாய் கட்டியே தீர வேண்டும், அப்போது நம் கண்ணுக்குத் தெரிந்துவிடும். டார்ச் எடுத்துக்கொண்டு மாதம் ஒருமுறை கீழே போய்ப் பாருங்கள். தூணை ஒட்டி விறகு, பழைய பலகை எதையும் அடுக்காதீர்கள்.

பால்மரப் பலகை சட்டத்துக்கு வேண்டவே வேண்டாம். அதில் மாவுச்சத்து அதிகம். அறுத்த கொஞ்ச நாளிலேயே நீலப் பூசணம் பூக்கும், வண்டு துளைக்கும். போரான் மருந்து ஏற்றுகிறார்கள், சரி, ஆனால் மழை பட்டால் அது கரைந்துவிடும். மேசை, அலமாரி செய்ய அருமையான மரம். சட்டத்துக்குக் கெம்பாஸ் மாதிரி உள்ளூர் மரத்தை, நன்றாகக் காயவைத்து, அழுத்தத்தில் மருந்து ஏற்றியதாகப் பார்த்து வாங்குங்கள். ஈரம் 19 விழுக்காட்டுக்கு மேல் இருந்தால் திருப்பி அனுப்புங்கள். மருந்து நடுத்தண்டு வரை போகாது. அறுத்த முனை ஒவ்வொன்றிலும் மறுபடி மருந்து பூசியாக வேண்டும். ஆசாரி அவசரத்தில் விடுவது இதைத்தான், கூடவே நில்லுங்கள். ஆணி துத்தநாகம் பூசியதாக இருக்கட்டும். செம்பு கலந்த மருந்து சாதா ஆணியை அரித்துவிடும்.

அப்புறம், ஊராட்சி மன்ற அனுமதி. தகுதி பெற்றவர் கையெழுத்திட்ட வரைபடம் இல்லாமல் ஒரு கட்டையும் நட வேண்டாம்.

பச்சை சாயல் உள்ள மருந்துக் கட்டைகளில் ஆர்சனிக் இருக்கலாம். மிஞ்சிய துண்டுகளைப் பக்கத்து வீட்டார் அடுப்புக்குக் கேட்பார்கள். கொடுக்காதீர்கள். புகையும் விஷம், சாம்பலும் விஷம்.