தொலைவில் ஓடும் ரயில் இரவில் மட்டும் ஏன் கேட்கிறது?

பெங்களூரு அல்சூரில் குடியிருக்கும் ஒருவரின் கேள்வி இது: கன்டோன்மென்ட் ரயில் நிலையப் பக்கம் அடிக்கும் ஹாரன் பகலில் காதில் விழுவதே இல்லை, நள்ளிரவில் மட்டும் அடுத்த தெருவில் ரயில் போவதுபோல் கேட்கிறதே, ஏன்?

ஊர் அடங்குவது ஒரு காரணம். பகலில் ஆட்டோ, பஸ், கடைவீதி இரைச்சல் எல்லாம் சேர்ந்து மெல்லிய ஒலிகளை அமுக்கிவிடும்.

பலரும் கவனிக்காத இன்னொரு காரணம் காற்றில் இருக்கிறது. 20 டிகிரி செல்சியஸில் ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் செல்லும். ஒரு டிகிரி கூடினால் வேகமும் ஏறக்குறைய 0.6 மீட்டர் கூடும். பகலில் தார்ச்சாலையும் மொட்டைமாடியும் கொதிப்பதால் தரையை ஒட்டிய காற்றுதான் அதிகச் சூடாக இருக்கும். அதனால் கீழே வேகமாகவும் மேலே மெதுவாகவும் செல்லும் ஒலி, வேகம் குறைந்த பக்கமாக, அதாவது மேல்நோக்கி வளைந்து நம் தலைக்கு மேலே போய்விடுகிறது. மேகமில்லாத, காற்றடங்கிய இரவில் நிலைமை தலைகீழ். தரை சீக்கிரம் குளிர்ந்துவிட, மேலடுக்குக் காற்று வெதுவெதுப்பாகவே நிற்கும். ஒலி கீழ்நோக்கி வளைந்து வீடுகள்மீது இறங்கும். டிசம்பர், ஜனவரி இரவுகளில் உற்றுக் கேளுங்கள், தண்டவாளத்தின் தடதடப்புகூடத் தெளிவாகக் கேட்கும்.

ரயிலையாவது பொறுத்துக்கொள்ளலாம். கைக்குழந்தையும் நோயாளியும் தூங்கும் தெருவில் நள்ளிரவில் காரணமில்லாமல் ஹாரன் அடிப்பவர்களை நினைத்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிகளுக்குப் பகலில் 55 டெசிபல், இரவு 10 முதல் காலை 6 மணி வரை 45 டெசிபல் என வரம்பு விதித்துள்ளன. அந்தப் பத்து டெசிபல் வித்தியாசம், ஒலியின் ஆற்றலில் பத்து மடங்கு.