நான்கு பிள்ளைகளும் ஊகாரமும்

மதிப்பிற்குரிய ஐயாவுக்கு,

கேரளத்தின் பீர்மேடு வட்டத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்துத் தமிழ்வழி எல்.பி. (நாலாம் வகுப்பு வரை உள்ள) பள்ளியில் நாலாம் வகுப்பு எடுக்கிறேன். திருச்சபை நடத்தும், அரசு உதவி பெறும் எய்டட் பள்ளி. ஆண்டுத் தேர்வு முடிந்துவிட்டது, இந்த மாதக் கடைசியில் பள்ளி அடைக்கிறோம். என் வகுப்பில் 23 பேர். ஜூனில் எல்லோரும் அஞ்சாம் வகுப்புக்கு வேறு பள்ளிக்குப் போய்விடுவார்கள். லெந்து (ஈஸ்டருக்கு முந்திய தவக்காலம்) நாட்களில் பள்ளி முடிவதால் ஒவ்வோர் ஆண்டும் என்னை நானே சோதித்துப் பார்ப்பது வழக்கம். இந்த ஆண்டு மனம் பாரமாக இருக்கிறது. நான்கு பேருக்கு இன்னும் தமிழ் வாசிக்க வரவில்லை. மெல்லக் கற்பவர்கள். அதில் ஒருவன் மலையாளம் தடுமாறாமல் வாசிப்பான், தமிழ்ப் புத்தகத்தை எடுத்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வான். அவர்களுக்காகத் தினமும் ஜெபித்தேன். பெற்றோர் எல்லோரும் இங்கிலீஷ் மீடியம் கேட்கிறார்கள். பள்ளி திறந்த ஆறாவது வேலைநாளில் எடுக்கிற பிள்ளைக் கணக்கில் எண்ணிக்கை குறைந்தால் எங்களில் ஒருவருக்கு வேலை போகும். மே மாதம் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகளில் லயம் லயமாக ஏறி இறங்கிப் பிள்ளை சேர்க்க வேண்டும்.

ஒரு கிறிஸ்தவ ஆசிரியையாக இந்த ஆண்டு நான் உண்மையாக இருந்தேனா என்பதுதான் என் கேள்வி. கடைசி நாளில் ஒவ்வொரு பிள்ளைக்கும் வசனம் எழுதிய அட்டை கொடுக்க ஆசை. இந்துப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். கொடுக்கலாமா?

(பெயர் வெளியிட வேண்டாம்)

*

அன்புள்ள டீச்சர்,

மலையாளம் தடுமாறாமல் வாசிக்கிற பையன் தமிழ்ப் புத்தகத்தைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தப் பதில். எல்லைப் பகுதிப் பிள்ளைகள் எந்த எழுத்தில் தடுக்கி விழுகிறார்கள் என்பது நான் வெகுநாளாக யோசித்துக்கொண்டிருக்கும் விஷயம்.

மற்றவற்றை முதலில் முடித்துவிடுகிறேன். அரசு உதவி பெறும் பள்ளியில் பெற்றோர் சம்மதமில்லாமல் எந்தப் பிள்ளையையும் மதபோதனையில் உட்காரவைக்கக் கூடாது என்று அரசியல் சட்டத்தின் 28(3) சொல்கிறது. வசன அட்டை போதனையா வாழ்த்தா என்ற வாதத்துக்குள் நீங்கள் போக வேண்டியதே இல்லை. பிள்ளையின் பெயரை அழகாக எழுதி, அதன் கீழே அந்தப் பிள்ளையால் வாசிக்க முடிகிற ஒரு வாக்கியம் எழுதிக் கொடுங்கள். வாசிக்கத் தெரியாத நான்கு பேர் உங்கள் அட்டையை வாங்கி என்ன செய்வார்கள் என்று நினைத்துப் பார்த்தீர்களா? இங்கிலீஷ் மீடியம் பற்றி இன்னொரு நாள் பேசலாம். நீங்கள் உண்மையாக இருந்தீர்களா என்பது உங்களுக்கும் உங்கள் ஆண்டவருக்கும் இடையிலான காரியம். அதற்குள் வர எனக்கு உரிமையில்லை.

ஆனால் ‘மெல்லக் கற்பவர்கள்’ என்று எழுதினீர்களே, அதற்குக் கோபப்பட எனக்கு உரிமை உண்டு. ஒரு மொழியைத் தடையில்லாமல் வாசிக்கிற பையன் எப்படி மெல்லக் கற்பவன் ஆனான்? நான்கு பிள்ளைகள், நான்கு விதமான தடங்கல். அதையெல்லாம் ஒரே சாக்கில் போட்டுக் கட்டி, சாக்கின் மேல் ஒரு பெயரும் எழுதிவிட்டீர்கள். தினமும் ஜெபித்ததை நான் குறைத்துச் சொல்லவில்லை. யாருக்கு எந்த எழுத்தில் நிற்கிறது என்று தெரிந்து ஜெபித்தீர்களா? இயேசு சொன்ன உவமையில், நூறு ஆட்டில் ஒன்று குறைந்ததை அந்த மேய்ப்பன் எண்ணிப் பார்த்ததால்தானே கண்டுபிடித்தான்.

உங்கள் மலையாளப் பையனுக்கு வருகிறேன். 1971இல் மலையாள எழுத்தைச் சீர்திருத்தியபோது உகரத்துக்கு ஒரு குறி, ஊகாரத்துக்கு ஒரு குறி என்று தனியாகப் பிரித்து எழுத்துக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டார்கள். எந்த மெய்யானாலும் அதே குறிதான். இரண்டு குறி தெரிந்தால் போதும், பிள்ளை அத்தனையையும் வாசித்துவிடும். தமிழில் 1978இல் நடந்த சீர்திருத்தம் ணா, றா, னா, லை, ளை, னை, ணை ஆகியவற்றை ஒழுங்கு செய்தது. உகர ஊகார வரிசைகளை அது தொடவில்லை. அதனால் கு ஒரு மாதிரி சுழிகிறது, சு ஒரு மாதிரி கீழே இறங்குகிறது, து இன்னொரு மாதிரி வளைகிறது. 18 மெய்க்கும் இரண்டிரண்டாக 36 வடிவம். மலையாளத்தில் இரண்டு குறியோடு முடிந்த வேலை தமிழில் 36 வடிவமாக முன்னால் நிற்கிறது. அவன் காதில் கோளாறு இல்லை. குடைக்கும் கூடைக்கும் உள்ள வித்தியாசத்தை வாயால் கேட்டால் சரியாகச் சொல்வான். வடிவம் பழகவில்லை, அவ்வளவுதான்.

நாம் செய்கிற தப்பு, 247 எழுத்தையும் சுவரில் ஒட்டிவைத்து முதலிலிருந்து ஒப்பிக்கச் சொல்வது. உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1. உயிர்மெய்க்கு ஆ, இ, ஈ, எ, ஏ, ஐ, ஒ, ஓ, ஔ என்று 9 குறிகள். இவை பெரும்பாலும் ஒழுங்காக வரும், டி, டீ மட்டும் கொஞ்சம் முரண்டு பிடிக்கும். அப்புறம் இந்த 36. மொத்தம் 76 சமாச்சாரம், ஜ, ஸ போன்றவை தனி. வரிசையாக ஒப்பிக்கிற பிள்ளை ‘கா’விலிருந்து பாடிக்கொண்டே வந்தால்தான் ‘கூ’வைக் கண்டுபிடிக்கும். நடுவில் ஒன்றைத் தொட்டுக் காட்டினால் வாய் திறக்காது.

பள்ளி அடைப்பதற்குள் இரண்டு நாள் காலை நேரத்தை இந்த நால்வருக்கு எடுத்து வையுங்கள். ஆளுக்குப் பத்து நிமிடம், வராந்தாவில், மற்றப் பிள்ளைகளின் கண்ணில் படாத இடம். முதல் தாளில் 30 எழுத்து, வரிசை கலைத்து. இரண்டாவதில் 20 சொல். மூன்றாவதில் 40 சொல் வருகிற ஒரு பத்தி, பாடப் புத்தகத்தில் இல்லாதது. பாடப் புத்தகப் பத்தியை இவர்கள் பக்கத்துப் பிள்ளை வாசிக்கக் கேட்டே மனப்பாடம் பண்ணியிருப்பார்கள். விரலை அந்தச் சொல்லின் கீழ் வைக்கச் சொல்லுங்கள். வாய் ஓடிக்கொண்டிருக்க விரல் முதல் வரியிலேயே நின்றால், அது வாசிப்பில்லை. தாளில் படம் போடாதீர்கள், பூனைப் படத்தைப் பார்த்துவிட்டுப் பூனை என்று சொல்லிவிடுவான்.

தப்பாகச் சொன்னால் திருத்தாதீர்கள், பெருக்கல் குறியும் போடாதீர்கள். அவன் சொன்னது எதுவோ அதை அப்படியே சொல்லின் மேல் எழுதுங்கள். ‘நூல்’ என்பதை ‘நுல்’ என்றானா, ‘நால்’ என்றானா? நுல் என்றால் நெடில் வடிவம் தெரியவில்லை. நால் என்றால் கடைசியில் நிற்கிற காலை மட்டும் பார்த்து ஆகாரம் என்று நினைத்துவிட்டான். ‘பட்டம்’ ‘படம்’ ஆனால் புள்ளியை விடுகிறான். ப, ட, ம் என்று தனித்தனியாகச் சரியாகச் சொல்லிவிட்டு ‘படம்’ என்று சேர்க்க முடியாமல் விழித்தால் அவனுக்கு எழுத்துப் பயிற்சியே வேண்டாம். கல், கால், பல், பால் என்று இரண்டெழுத்தைச் சேர்க்கிற பயிற்சிதான் வேண்டும். முதல் எழுத்தைப் பார்த்துவிட்டு மிச்சத்தை ஊகித்தால் அது இன்னொரு ரகம். ல, ள, ழ குழப்பத்தையும் ர, ற குழப்பத்தையும் இப்போதைக்கு விட்டுவிடுங்கள். வாசிக்கவே வராத பிள்ளையின் நோட்டில் றகரத்துக்குச் சிவப்பு மையில் வட்டம் போடுகிற டீச்சர்களைக் கண்டால் எனக்கு ஆத்திரம் வருகிறது.

அப்படியே ஆறு மீட்டர் தள்ளி நிற்கவைத்துக் கரும்பலகையில் எழுதியதைப் பார்க்கச் சொல்லுங்கள். கண்ணைச் சுருக்கினால் வீட்டில் சொல்லி ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள்.

ஊகாரத்தைக் கூட்டம் கூட்டமாகப் பிரித்துக் கொடுக்க வேண்டும். ஙூ, ஞூ நம் சொற்களில் வருவதில்லை, தள்ளிவிடலாம். மிச்சம் 16. கூ, சூ ஒரு கூட்டம். டூ, மூ, ரூ, ழூ, ளூ ஒரு கூட்டம். ணூ, தூ, நூ, லூ, றூ, னூ ஆறும் கடைசியில் கால் ஊன்றி நிற்பவை. பூ, யூ, வூ நாலாவது. ஒரு கூட்டத்துக்கு ஒரு வாரம். முதல் வாரம் கூடையும் சூடும் மட்டும் போதும். கூடை உங்கள் பிள்ளைகளின் அம்மா முதுகில் தினமும் ஏறுகிற பொருள். அதற்கு எழுத்து கூட்டச் சொன்னால் எந்தப் பிள்ளையும் முகம் திருப்பாது. பிறகு குறிலையும் நெடிலையும் ஜோடியாக வையுங்கள்: குடை, கூடை. முடி, மூடி. சுடு, சூடு. புட்டு, பூட்டு. ஜோடியாக வைத்தால்தான் வடிவம் மாறினால் பொருள் மாறுகிறது என்று பிள்ளைக்கே தெரியும்.

சபைப் பிள்ளைகளுக்கு இன்னொரு வசதி உண்டு. ரூத், லூக்கா, யூதா என்று வேதாகமத்தில் மூன்று புத்தகத்தின் பெயர் ஊகாரத்தில்தான் தொடங்குகிறது. விடுமுறை வேதாகமப் பள்ளியில் பாட்டுத்தாளைக் கையில் கொடுத்து, பாடும்போது விரலையும் சொல்லோடு நகர்த்தச் சொல்லுங்கள். மனப்பாடமான வரி சோதிப்பதற்கு உதவாது, பழகுவதற்கு ரொம்ப நல்லது. ஆனால் பாட்டியின் பழைய வேதாகமத்தை மட்டும் இப்போது கொடுத்துவிடாதீர்கள். அதில் லை, னை, ணா, றா எல்லாம் பழைய வடிவத்தில் இருக்கும். இப்போதுதான் காலூன்றுகிற பிள்ளை மறுபடி சறுக்கிவிடும்.

எழுதிப் பழக நோட்டு வேண்டாம். சாப்பாட்டுத் தட்டில் அரை அங்குலத்துக்கு மணல் பரப்பி விரலால் எழுதட்டும். பள்ளி மிஷனரிகள் தொடங்கியது என்று உங்கள் சபையார் ஆண்டுவிழாவில் பேசுவார்கள் இல்லையா? 1706இல் தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்கு, திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் எழுதித்தான் தமிழ் எழுத்து கற்றார். 1715இல் புதிய ஏற்பாடு தமிழில் அச்சானது அதற்கு அப்புறம்.

விடுமுறைக்கு ஆளுக்கு ஒரு கட்டு அட்டை வெட்டிக் கொடுங்கள். பழைய கல்யாணப் பத்திரிகை அட்டை போதும், பின்பக்கம் வெள்ளையாக இருக்கும். வாரத்துக்குப் பத்துச் சொல், எட்டு வாரத்துக்கு 80 அட்டை. ஒரு நாளைக்குக் கால் மணி நேரம். கொழுந்து எடுத்துவிட்டு வருகிற அம்மாவிடம் இந்த வேலையைச் சுமத்த வேண்டாம். ஏழாம் வகுப்பிலோ எட்டிலோ படிக்கிற அக்காவிடம் ஒப்படையுங்கள். “தப்பாகச் சொன்னால் அடிக்காதே, அட்டையைக் கட்டின் அடியில் வை, மறுபடி தானாக மேலே வரும்” என்று அவளிடம் சொன்னால் போதும்.

ஏப்ரலில் பாதிப் பேர் மலையிறங்கி ஊருக்குப் போய்விடுவார்கள். போகட்டும். குமுளியில் தமிழ்நாட்டு பஸ்ஸில் ஏறும்போதே பலகையை வாசிக்கச் சொல்லி அனுப்புங்கள். குமுளியில் இரண்டு உகரம். லோயர் கேம்ப் தாண்டினால் கூடலூர், அதில் கூவும் லூவும். கம்பம், உத்தமபாளையம் போய்ச் சின்னமனூர், அதில் னூ. ஜன்னலோர சீட்டில் உட்கார்ந்து அவனாக வாசித்த ஊர்ப்பெயர் அவனுக்கு மறக்காது.

மே மாதம் எப்படியும் லயம் லயமாக ஏறப் போகிறீர்கள். ஆறாவது வேலைநாள் கணக்கு உங்கள் வயிற்றில் நெருப்பாக இருப்பது எனக்குப் புரிகிறது. புதுப் பிள்ளையைத் தேடிப் போகிற அதே நடையில் பழைய நான்கு பேரின் வாசலிலும் ஐந்து நிமிடம் நில்லுங்கள். கட்டைப் பிரித்துப் பத்து அட்டை காட்டுங்கள். நாலாம் வகுப்பு முடித்த பிள்ளைக்கும் வீடு தேடி வருகிற டீச்சரைப் பார்த்தால், பக்கத்து வீட்டுக்காரர் தம் பிள்ளையை எங்கே சேர்ப்பது என்று யோசிப்பார். அதை நினைத்துப் போகாதீர்கள், அது தானாக நடக்கும்.

கடைசியாக, புது டீச்சருக்கு எழுத வேண்டிய தாள். டி.சி.யில் பெயர் இருக்கும், பிறந்த தேதி இருக்கும், மேல்வகுப்புக்குத் தகுதி என்று இருக்கும். எந்த எழுத்தில் நிற்கிறான் என்று இருக்காது. புதுப் பள்ளியில் அதைக் கண்டுபிடிக்கவே பல மாதம் ஆகும், அதற்குள் அங்கேயும் ஒரு சாக்கு தயாராகிவிடும். அரைப் பக்கம் போதும், இப்படி: “குறில் உகரம் தெரியும். ஊகாரத்தில் கூ, சூ, மூ வந்துவிட்டது, தூ, நூ, லூ வரவில்லை. இரண்டெழுத்து, மூன்றெழுத்துச் சொல்லைச் சேர்ப்பான், நாலெழுத்தில் நிற்பான். புள்ளியை விடுவான், விரல் வைத்தால் விடமாட்டான். மலையாளம் நன்றாக வாசிப்பான், முதல் நாள் அதை வாசிக்கச் சொல்லிப் பாராட்டுங்கள்.” வீட்டுச் சண்டை, அப்பாவின் குடி, சோம்பேறி, கவனக்குறைவு, இதெல்லாம் அந்தத் தாளில் வரவே கூடாது. தபாலில் அனுப்பாமல், ஆறாவது வேலைநாள் பரபரப்பு அடங்கிய பிறகு ஒரு சாயங்காலம் நேரில் போய்க் கையில் கொடுங்கள்.

வாசித்துப் பார்த்த தாள்கள் தயாரானதும் எனக்கு ஒரு பிரதி அனுப்புங்கள். பிள்ளைகளின் பெயர் வேண்டாம், அவர்கள் சொன்ன தப்புகள் மட்டும் போதும். நால்வருக்கும் முதல் வாரத்துப் பத்துச் சொற்களைச் சேர்ந்தே எழுதுவோம்.