கென்யாவுக்கு விசா வேண்டுமா? முதலில் ஊசியைப் போடுங்கள்

கேள்வி: ஆகஸ்ட்டில் அம்மாவை அழைத்துக்கொண்டு மசாய் மாரா வனவிலங்குக் காப்பகம் பார்க்கப் போகிறேன். இன்னும் நான்கு வாரம்தான் இருக்கிறது. கென்யாவுக்கு விசாவே தேவையில்லை என்கிறார் நண்பர். டிராவல்ஸ்காரர் கட்டாயம் வேண்டும் என்கிறார். எது சரி? எப்படி விண்ணப்பிப்பது?

பதில்:

இருவர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. எந்த நாட்டுக்காரரும் இனி விசா இல்லாமல் கென்யாவுக்கு வரலாம் என்று அதிபர் வில்லியம் ரூட்டோ 2023 டிசம்பரில் அறிவித்தார். 2024 ஜனவரியோடு பழைய இ-விசா நின்றுபோனது. அந்த இடத்துக்கு இடிஏ என்ற மின்னணுப் பயண அனுமதி வந்துவிட்டது. நம்மைப் போன்ற இந்தியப் பாஸ்போர்ட்காரர்களுக்குப் பெயர் மட்டும்தான் மாறியிருக்கிறது. படிவம் நிரப்ப வேண்டும், பணம் கட்ட வேண்டும், ஒப்புதல் வந்த பிறகுதான் விமானம் ஏற வேண்டும். நைரோபியில் இறங்கி கவுன்டரில் வாங்கிக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

நான் 2024 ஆகஸ்ட்டில் என் அம்மாவோடு போய்வந்தேன். உங்களுக்கு நான்கு வாரம்தான் இருக்கிறது என்பதால் முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இடிஏ சில நாளில் கைக்கு வந்துவிடும். நாள் பிடிப்பது மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிதான். மஞ்சள் காமாலை என்று நினைத்துவிடாதீர்கள், இது வேறு. கொசு கடித்துப் பரவும் வைரஸ் நோய்.

இந்த ஊசியைப் பற்றி இடிஏ படிவத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. இந்தியாவில் மஞ்சள் காய்ச்சல் இல்லாததால், இங்கிருந்து நேராகப் போகிறவர்களிடம் கென்யா சான்றிதழ் கேட்பதில்லை. கேட்பது நம் நாடு, அதுவும் திரும்பி வரும்போது. இந்நோய் உள்ள நாடுகள் என்று இந்தியா வைத்திருக்கும் பட்டியலில் கென்யா இருக்கிறது, எத்தியோப்பியா, உகாண்டா, ருவாண்டாவும் இருக்கின்றன. அங்கிருந்து கிளம்பி ஆறு நாளுக்குள் சான்றிதழ் இல்லாமல் இங்கே வந்து இறங்கினால், அந்த ஆறு நாள் முடியும்வரை தனிமைப்படுத்தி வைக்க விதி இருக்கிறது. இந்நோயைப் பரப்பும் ஏடிஸ் கொசு இங்கே வீட்டுக்கு வீடு உண்டு. அந்த வைரஸ் ஒருமுறை உள்ளே வந்துவிட்டால் என்ன ஆகும் என்று யோசித்தால், இந்தக் கெடுபிடி நியாயம் என்றுதான் எனக்குப் படுகிறது.

ஊசி போட்ட பத்தாவது நாளிலிருந்துதான் சான்றிதழ் செல்லும். கிளம்புவதற்கு முந்தின வாரம் ஓடினால் பயனில்லை. கண்ட மருத்துவமனையில் போட்டுக்கொண்டாலும் செல்லாது, அரசு அங்கீகரித்த மையத்தில்தான் போட வேண்டும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டிலும் துறைமுக சுகாதார அலுவலகத்திலும் போடுகிறார்கள். எந்த நாள், எத்தனை மணிக்கு என்று முன்கூட்டியே கேட்டுக்கொண்டு, அசல் பாஸ்போர்ட்டோடு போங்கள். மஞ்சள் நிறத்தில் ஒரு சிறு புத்தகம் தருவார்கள். அதில் எழுதியிருக்கும் பெயரும் பாஸ்போர்ட் எண்ணும் சரியாக இருக்கின்றனவா என்று அங்கேயே பார்த்துவிடுங்கள். 2016 ஜூலையிலிருந்து இந்தச் சான்றிதழ் ஆயுள் முழுக்கச் செல்லும், பத்து வருடத்துக்கு ஒருமுறை போட வேண்டியதில்லை.

உங்கள் அம்மாவுக்கு அறுபது தாண்டியிருந்தால், ஊசிக்கு முன்பு அவரை வழக்கமாகப் பார்க்கும் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். இது உயிருள்ள, வீரியம் குறைத்த வைரஸால் செய்த ஊசி. அறுபதுக்கு மேல் முதல்முறையாகப் போடுகிறவர்களுக்குக் கடுமையான பக்கவிளைவு வரும் வாய்ப்பு சற்றுக் கூடுதல். முட்டை ஒவ்வாமை, எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மாத்திரை இதெல்லாம் இருந்தால் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். என் அம்மாவுக்கு அப்போது 63. டாக்டர் மாத்திரைச் சீட்டு முழுவதையும் வாங்கிப் பார்த்த பிறகுதான் சரி என்றார். ஊசி போட்ட மறுநாள் கை வலியும் லேசான காய்ச்சலும் இருந்தன, அவ்வளவுதான். மலேரியா மாத்திரை வேண்டுமா என்பதையும் அதே சமயத்தில் கேட்டுவிடுங்கள்.

அப்புறம் இடிஏ. கென்ய அரசின் தள முகவரி .go.ke என்றுதான் முடியும், அதை மட்டும் நம்புங்கள். தேடினால் மேலே விளம்பரமாக வரும் தளங்கள் பல, அரசுத் தளம் போலவே கொடியும் சின்னமும் போட்டிருக்கும். நான் முதலில் அப்படி ஒன்றில்தான் அம்மாவுக்குக் கட்டினேன். அரசுக் கட்டணம் 30 டாலர், கார்டுக்கான தொகை சேர்ந்தால் கொஞ்சம் கூடும். என்னிடம் கிட்டத்தட்ட மூன்று மடங்கு பிடித்துவிட்டார்கள். அனுமதி வந்தது உண்மைதான். ஆனால் பாஸ்போர்ட் படமும் அம்மாவின் புகைப்படமும் முகம் தெரியாத யாரிடமோ போய்விட்டன என்ற வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது.

பாஸ்போர்ட் நீங்கள் போய்ச் சேரும் நாளிலிருந்து ஆறு மாதமாவது செல்ல வேண்டும். பாஸ்போர்ட்டின் படம், உங்கள் புகைப்படம், போக வர விமான விவரம், தங்குமிட முன்பதிவு இவற்றைக் கேட்பார்கள். ரத்து செய்தால் பணம் திரும்பக் கிடைக்கும் அறையாகப் போட்டுக்கொள்வது நல்லது. ஒவ்வொருவருக்கும் தனித்தனி அனுமதி வேண்டும்.

நம் ஊர்க்காரர்களுக்குச் சிக்கல் வருவது பெயரில்தான். என் அம்மா பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கட்டம் காலி. அவர் பெயரும் தாத்தா பெயரும் சேர்ந்து ஒரே கட்டத்தில் இருக்கின்றன. டிக்கெட் போடும்போது இரண்டையும் பிரித்து ஒரு மாதிரியும், படிவத்தில் வேறு மாதிரியும் எழுதிவிட்டு, பிறகு விமான நிறுவனத்துக்குப் போன் மேல் போன் போட்டுத் திருத்த வேண்டியதாயிற்று. பாஸ்போர்ட்டைத் திறந்து வைத்துக்கொண்டு எழுத்து எழுத்தாகப் பார்த்து நிரப்புங்கள். டிக்கெட், இடிஏ, மஞ்சள் புத்தகம் மூன்றிலும் பெயர் ஒன்றாக இருக்கட்டும். பணம் கட்டும் முன் உங்கள் வங்கிச் செயலியில் வெளிநாட்டுப் பரிமாற்றத்தைத் திறந்து வையுங்கள். இல்லையென்றால் கார்டு ஏற்காது.

மூன்று வேலை நாள் ஆகும் என்றிருந்தார்கள், எங்களுக்கு இரண்டே நாளில் வந்தது. அதை நம்பிக் கடைசி வாரம்வரை தள்ளாதீர்கள். ஒப்புதல் மின்னஞ்சலில் வரும், காகிதத்தில் ஒரு பிரதி எடுத்துக்கொள்ளுங்கள்.

மசாய் மாராவோடு செரங்கெட்டியையும் பார்த்துவிடலாம் என்று திட்டம் இருந்தால் கவனம். இரண்டும் ஒட்டிக் கிடக்கும் காடுதான். விலங்குகள் இஷ்டத்துக்கு எல்லை தாண்டும், நம்மால் அங்கே தாண்ட முடியாது. சாலை வழியாக இசெபானியா சோதனைச் சாவடிக்குச் சுற்றிப் போக வேண்டும். செரங்கெட்டி இருப்பது தான்சானியாவில், அதற்கு 50 டாலரில் தனி விசா எடுக்க வேண்டும். கென்யா, உகாண்டா, ருவாண்டா மூன்றுக்கும் சேர்த்து 100 டாலரில் ஒரு கிழக்கு ஆப்பிரிக்கச் சுற்றுலா விசா உண்டு. அதில் தான்சானியா சேராது. நான்கே வாரத்தில் அம்மாவையும் வைத்துக்கொண்டு இரண்டு நாடு வேண்டாம் என்பது என் கருத்து. ஆகஸ்ட்டில் காட்டுமான் (வைல்டபீஸ்ட்) கூட்டம் மாராவிலேயே இருக்கும்.

இன்னொன்று, 2017 ஆகஸ்ட்டிலிருந்து கென்யாவில் பிளாஸ்டிக் பைக்குத் தடை. அம்மா ஊறுகாயையும் மாத்திரையையும் கேரி பேக்கில் சுற்றி வைத்திருந்தால் துணிப்பைக்கு மாற்றிவிடுங்கள்.

நாங்கள் சென்னையில் இறங்கியதும் குடியேற்றக் கவுன்டருக்கு முன்பே சுகாதார மேசையில் நிறுத்தினார்கள். மஞ்சள் புத்தகத்தைக் காட்டினோம், அரை நிமிடத்தில் விட்டுவிட்டார்கள். எங்களுக்கு முன்னால் நின்ற இளம் தம்பதியிடம் புத்தகம் இல்லை. அந்தப் பெண் அழ ஆரம்பித்துவிட்டார். அவர்களை ஓரமாக உட்காரச் சொல்லியிருந்தார்கள், நாங்கள் பெட்டி எடுத்துக்கொண்டு வெளியே வரும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தார்கள். நீங்கள் நாளைக்கே கிங் இன்ஸ்டிடியூட்டுக்குப் போன் செய்யுங்கள். படிவத்தில் எந்தக் கட்டத்திலாவது சந்தேகம் வந்தால் இங்கேயே கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்.