பவ வருஷத்து 4,500 ரூபாய்: ஒரு கடிதமும் பதிலும்

ஐயா, வணக்கம்.

என் கொள்ளுத்தாத்தா பவ வருஷம் ஆனி மாதம், அதாவது 1934இல், கும்பகோணத்துக்கு அருகே ஒரு வேலி (சுமார் ஆறரை ஏக்கர்) நஞ்சையை 4,500 ரூபாய்க்குக் கிரயம் செய்து கொடுத்த பத்திரத்தின் நகல் கிடைத்திருக்கிறது. பவுன் 13 ரூபாய் விற்ற காலம் என்று பாட்டி சொல்வார். அந்தக் கணக்கில் 346 பவுன் வருகிறது. ஆனால் இன்று அந்த இடம் விற்கும் விலையோடு ஒப்பிட்டால் அதுவும் சொற்பம். கணக்குத் தெரியாதவரை ஏமாற்றி எழுதி வாங்கிவிட்டார்கள் என்பதுதான் எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாகச் சொல்லப்படும் பேச்சு. அது உண்மையா? பத்திரத்தின் நகலையும், அவருடைய கணக்கு நோட்டின் சில பக்கங்களையும் இணைத்திருக்கிறேன். என் பெயரை வெளியிட வேண்டாம்.

ஒரு வாசகி

மதிப்பிற்குரிய அம்மையீர்,

பத்திரத்தோடு கணக்கு நோட்டையும் சேர்த்து அனுப்பியதற்கு நன்றி. பத்திரம் மட்டும் வந்திருந்தால் உங்கள் கேள்விக்குப் பதில் சொல்ல முயன்றிருக்கமாட்டேன்.

முதலில் பவுன் கணக்கை விட்டுவிடுங்கள். பாட்டி சொன்ன 13 ரூபாய் 1931க்கு முந்தைய விலை. அந்த ஆண்டு செப்டம்பரில் பிரிட்டன் தன் பணத்தின் மதிப்பைத் தங்கத்தோடு பிணைத்திருந்த தங்க அளவையைக் கைவிட்ட பிறகு தங்கம் ஏறத் தொடங்கியது. 21 ரூபாய்ச் சில்லறையாக இருந்த தோலா (ஏறக்குறைய ஒன்றரைப் பவுன் எடையுள்ள தங்கம்) 1934இல் 30 ரூபாயைத் தாண்டிவிட்டது. ஆகவே உங்கள் 346 பவுனில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அப்போதே குறைந்துவிடும். அதைவிட முக்கியமானது, தங்கம் ஏறிய அதே ஆண்டுகளில் நெல் சரிந்தது. உலகப் பொருளாதார மந்தத்தோடு பர்மா அரிசியின் வரத்தும் சேர்ந்துகொண்டது. பர்மா அன்று பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு பகுதியாக இருந்ததால் அந்த அரிசியைத் தடுக்கச் சுங்கவரியும் இல்லை. ஒரு மிராசுதாரின் கையில் வந்த பணம் நெல்லிலிருந்து வந்த பணம் என்பதால், அவர் விற்ற நிலத்தின் மதிப்பையும் நெல்லால்தான் அளக்க வேண்டும்.

அந்த அளவுகோலை உங்கள் கொள்ளுத்தாத்தாவே எழுதி வைத்திருக்கிறார். நெல்லை அளந்த பழைய அளவான கலம் ஒன்றுக்கு 1927இல் இரண்டரை ரூபாய், 1934இல் ஒன்றேகால் ரூபாய். இந்த ஒரு வேலிக்குக் குத்தகை ஆண்டுக்கு 160 கலம், கிஸ்தி (அரசுக்குக் கட்டும் நிலவரி) 60 ரூபாய். 1927இல் குத்தகை நெல் 400 ரூபாய்க்கு விற்று, கிஸ்தி போக 340 ரூபாய் நின்றது. 1934இல் அதே நெல் 200 ரூபாய்க்குத்தான் விலைபோயிற்று. கிஸ்தியைப் பணமாகக் கட்ட வேண்டியிருந்ததால் அது நெல்லோடு சேர்ந்து இறங்கவில்லை. ஆகவே மிச்சம் 140 ரூபாய். அந்த நிலத்துக்குக் கிடைத்த 4,500 ரூபாய் அன்றைய நிகர வருமானத்தில் 32 ஆண்டுகளுக்குச் சமம். இது ஏமாற்றி வாங்கிய விலை அன்று. அந்த ஆகஸ்டில்தான் மேட்டூர் அணை திறக்கப்பட்டது. இனித் தண்ணீருக்குக் குறைவிராது என்ற நம்பிக்கையும் வாங்கியவரின் மனத்தில் இருந்திருக்கலாம் என்பது என் ஊகம்.

அப்படியானால் அவருக்கு நேர்ந்த இழப்பு எங்கே இருக்கிறது? பத்திரத்தின் இரண்டாம் பக்கத்தில், தொகை வந்த விதம் சொல்லும் பகுதியைப் படியுங்கள். பழைய பத்திரங்களைப் பார்ப்பவர்கள் பலர் மொத்தத் தொகையைக் குறித்துக்கொண்டு இந்தப் பகுதியைத் தாண்டிவிடுகிறார்கள் என்பது எனக்குப் பெரிய வருத்தம். ‘பிரபவ வருஷத்தில் தங்களிடம் வாங்கிய புரோநோட்டுக் கடனுக்கு அசலும் வட்டியும் 2,900, முன் அடமானக் கடனைத் தாங்களே தீர்க்கும்படி விட்டது 1,100, ரொக்கம் 500’ என்று அதில் இருக்கிறது. வேலி நிலம் போய் அவர் கையில் வந்தது 500 ரூபாய். வாங்கியவர் வேறு யாருமல்லர், கடன் கொடுத்தவரேதான். இப்படிக் கடன் கழிந்த கிரயங்களில் முத்திரைக் கட்டணத்துக்காகத் தொகையைக் குறைத்து எழுதும் வழக்கம் நடந்திருக்க வாய்ப்புக் குறைவு. ஏனென்றால் கடன் முழுவதும் தீர்ந்தது என்பதற்கு விற்பவருக்கு இருந்த சாட்சியே அந்தத் தொகைதான்.

நோட்டின்படி பிரபவ வருஷத்தில், அதாவது 1927இல், அவர் வாங்கிய அசல் 2,000 ரூபாய். அன்றைய விலைக்கு 800 கலம், அதாவது இந்த நிலத்தின் ஐந்து ஆண்டுக் குத்தகை. 1934இல் 2,900 ரூபாயாக நின்ற அந்தக் கடனை நெல் விற்று அடைக்க 2,320 கலம் வேண்டும். பதினான்கரை ஆண்டுக் குத்தகை! ரூபாயில் பார்த்தால் கடன் ஒன்றரை மடங்குகூட ஆகவில்லை. நெல்லில் பார்த்தால் கிட்டத்தட்ட மூன்று மடங்கு. அந்த மனிதர் ஒவ்வோர் அறுவடையிலும் இதைக் கண்ணெதிரே பார்த்துக்கொண்டிருந்தார், தேதி போட்டு எழுதியும் வைத்தார். அவரைக் கணக்குத் தெரியாதவர் என்று சொல்வது பெரிய அநியாயம்.

இன்னும் நான்கு ஆண்டுகள் தாக்குப்பிடித்திருந்தால் ராஜாஜி அமைச்சரவை 1938இல் கொண்டுவந்த விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் அவருக்குக் கைகொடுத்திருக்கக்கூடும். 1932 அக்டோபருக்கு முன் வாங்கிய கடன்களில், 1937 அக்டோபர் 1இல் நிலுவையில் நின்ற வட்டி முழுவதையும் அது தள்ளுபடி செய்தது. ஆனால் நிலத்தைக் கொடுத்துத் தீர்த்துவிட்ட கடனுக்கு அதனால் பயனில்லை. இதை எழுதும்போது எனக்கு மனம் கனக்கிறது.

இன்றைய மனை விலையோடு ஒப்பிடுவதில் பொருள் இல்லை. அது நகரமும் சாலையும் பெருகிவந்த விலை. மாறாக, சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுக்கொடுத்து, அதே கிராமத்தில் 1933 முதல் 1935 வரை பதிவான நஞ்சைக் கிரயங்கள் நான்கைந்துக்கு நகல் வாங்கிப் பாருங்கள். அவற்றிலும் மா (வேலியில் இருபதில் ஒரு பங்கு) ஒன்றுக்கு 225 ரூபாயை ஒட்டி விலை இருந்தால் நான் சொன்னது உறுதிப்படும். வெகுவாகக் கூடியிருந்தால் என் முடிவை மாற்றிக்கொள்வேன்.

பத்திரத்தின் பின்பக்கத்தை நீங்கள் அனுப்பவில்லை. பதிவு அதிகாரியின் முன்னிலையில் பணம் கைமாறியிருந்தால் அந்தக் குறிப்பு அங்கே இருக்கும். அந்த 500 ரூபாய் உண்மையிலேயே அவர் கையில் எண்ணிக் கொடுக்கப்பட்டதா என்பதை அதில் பார்த்துச் சொல்லுங்கள்.