மகள் எஞ்சின் கட்டுப்பாடு படிக்கப் போகிறாளாம்: விசுவமடுத் தகப்பனுக்கு ஒரு பதில்

கேள்வி: மகள் கிளிநொச்சி அறிவியல் நகர் கம்பஸில் மின், இலத்திரனியல் பொறியியல் மூன்றாம் வருடம் படிக்கிறாள். முடிந்ததும் வெளிநாட்டில் எஞ்சின் கட்டுப்பாட்டில் மாஸ்டர்ஸ் செய்யப் போகிறேன் என்று நிற்கிறாள். நான் கனகாலமாக உழவு இயந்திரமும், லேண்ட்மாஸ்டர் என்கிற இரு சில்லு உழவு இயந்திரமும் திருத்துகிறவன். உலகமே பற்றறிக்கு மாறும்போது எஞ்சினைப் படித்து என்ன செய்வது? இங்கேயே ஓர் அரசாங்க வேலையை எடுத்தால் நிம்மதி இல்லையா?

பதில்: அண்ணை, உங்கள் கடிதத்தில் இரண்டு பயம் கலந்து கிடக்கிறது. ஒன்று எஞ்சின் அழிந்துவிடும் என்பது. மற்றது பிள்ளை தூரப் போய்விடும் என்பது. முதலாவதைத்தான் விரிவாகப் பேசலாம். இரண்டாவதற்கு என்னிடம் மருந்து இல்லை.

எஞ்சின் வேகத்தைச் சீராக வைத்திருக்கும் கவர்னர் என்ற பாகத்தின் லிங்க் இறுகிப்போன லேண்ட்மாஸ்டர் ஒன்றை ஸ்டார்ட் பண்ணி விட்டால் என்ன செய்யும் என்று உங்களுக்குத் தெரியும். ஒரு சீராக ஓடாது. ஏறும், விழும், திரும்ப ஏறும். வேகம் குறைந்ததைக் கவர்னர் பிந்தித்தான் உணர்கிறது, டீசலைக் கூட்டுகிறது, அதற்குள் எஞ்சின் ஏறிவிடுகிறது, பிறகு அளவுக்கு மிஞ்சிக் குறைக்கிறது. இந்த ஆட்டம் எப்போது தானாக அடங்கும், எப்போது பெருகும் என்பதைக் கணக்காக்கி ஜேம்ஸ் கிளார்க் மக்ஸ்வெல் 1868 இல் ஒரு கட்டுரை எழுதினார். மகள் இப்போது வகுப்பில் படிக்கும் கட்டுப்பாட்டுப் பொறியியலின் வேர்களில் அதுவும் ஒன்று. நீங்கள் ஸ்பனரால் செய்வதை அவள் சமன்பாட்டால் செய்யப் பார்க்கிறாள்.

லேண்ட்மாஸ்டரில் திருக ஒரே ஒரு பிடிதான், டீசல் அளவு. எல்லாச் சிலிண்டருக்கும் ஒரே உயர் அழுத்தக் குழாயிலிருந்து டீசல் போகும் இன்றைய கொமன் ரெயில் எஞ்சினில் எத்தனை டீசல், எந்தக் கணத்தில், எத்தனை தவணையாக, என்ன அழுத்தத்தில் என்பதெல்லாம் தனித்தனிப் பிடிகள். எஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கும் டர்போவின் இதழ்களை எவ்வளவு திறப்பது, எரிந்த புகையில் எவ்வளவைத் திரும்ப உள்ளே விடுவது என்பவை அதற்கு மேல். இவை ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும். புகையைத் திரும்ப உள்ளே விட்டால் நைதரசன் ஒட்சைட்டு குறையும், கரி கூடும். டீசலைப் பிந்தித் தெளித்தாலும் நைதரசன் ஒட்சைட்டு குறையும், ஆனால் டீசல் செலவு ஏறும். பெரும்போகத்துச் சேற்றில் கலப்பை இறுகும்போது லேண்ட்மாஸ்டர் கரும்புகை கக்குகிறதே, அதேபோல டர்போ காற்றுச் சேர்க்குமுன் டீசலைத் திடீரென்று கூட்டினால் இங்கேயும் கரும்புகைதான். எல்லா எல்லைகளுக்குள்ளும் நின்று, குறைந்த டீசலில், கேட்ட இழுவையைக் கொடுக்கும் வழியை அந்தந்தக் கணத்திலேயே கண்டுபிடிக்க வேண்டும். அதைத்தான் உகப்புக் கட்டுப்பாடு என்கிறார்கள். பெடலை இரண்டு மடங்கு அழுத்தினால் இழுவையும் இரண்டு மடங்கு ஆகும் என்ற ஒழுங்கு எஞ்சினிடம் கிடையாது; நிமிடத்துக்கு 1000 சுற்றில் ஒரு குணம், 2000 சுற்றில் வேறு குணம். அதனால் நேரியல்பற்றது என்ற சொல்லும் முன்னால் வந்து ஒட்டிக்கொள்கிறது. பெயர் நீளம் என்று பயப்பட வேண்டாம்.

சோதனைக் கருவிகளையும் சேர்த்துப் படிக்கப் போவதாகச் சொல்கிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். என் கண்ணுக்கு முழுப் படிப்பிலும் பெறுமதியான பகுதி அதுதான். எஞ்சினைக் கழற்றி ஓர் அறைக்குள் இரும்புத் தளத்தில் பூட்டி, அதன் தண்டை டைனமோமீட்டர் என்ற பெரிய மின்மோட்டாரோடு இணைப்பார்கள். சாரதி கிடையாது, கொம்பியூட்டர்தான் பெடலை மிதிக்கும். மலையும் பாரமும் கிடையாது, அந்த மோட்டார்தான் மலைபோல எதிர்த்து நிற்கும். பாரவாகன எஞ்சின்களுக்கான உலகப் பொதுச் சோதனை ஒன்று 1800 செக்கன் ஓடும். ஒவ்வொரு செக்கனுக்கும் எந்த வேகம், எந்த முறுக்குவிசை என்று அட்டவணை இருக்கிறது. எஞ்சின் அதைப் போதிய அளவுக்கு நெருக்கமாகப் பின்தொடராவிட்டால் சோதனை செல்லாது, திரும்ப ஓட வேண்டும். பெடலைத் தொட்டால் வேகமும் மாறும், முறுக்குவிசையும் மாறும். மோட்டாரைத் தொட்டாலும் அப்படியே. நடுவில் உள்ள தண்டு வேறு முறுகி அதிரும். அதிர்வு ஒத்திசைந்தால் தண்டே முறிந்து போகலாம். ஒஸ்திரியாவின் கிராஸ் நகரில் ஹான்ஸ் லிஸ்ட் என்பவர் 1948 இல் தொடங்கிய ஏ.வி.எல். நிறுவனம் இப்படியான சோதனைத் தளங்களைச் செய்து விற்றே உலகப் பெயர் எடுத்தது. அதே நாட்டில் லின்ஸ் பல்கலைக்கழகத்திலும், சுவிற்சர்லாந்தில் சூரிச் ஈ.ரி.எச். பல்கலைக்கழகத்திலும் இந்தக் கணக்கை வைத்தே ஆய்வு செய்திருக்கிறார்கள்.

இனிப் பற்றறிக்கு வருவோம். நீங்கள் சொல்வதில் பாதி உண்மை. 2035 இலிருந்து புதிய கார்கள் காபனீரொட்சைட்டே வெளிவிடக்கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியம் 2023 இல் சட்டம் போட்டது. அதைத் தளர்த்தும் பேச்சும் பிறகு வந்தது. எப்படியும் கார் எஞ்சின் என்ற துறை சுருங்கும். கப்பல், ஜெனரேட்டர், உழவு இயந்திரம், பாரவாகனம் ஆகியவற்றில் எஞ்சின் இன்னும் கனகாலம் இருக்கும். ஆனால் நான் பிள்ளையைப் படிக்கப் போக விடச் சொல்வது இந்த ஆறுதலை நம்பி இல்லை. சோதனைத் தளத்தில் எஞ்சின் நின்ற இடத்தில் நாளைக்கு மின்மோட்டாரைப் பூட்டுவார்கள். எதிர்ப்பக்கத்து டைனமோமீட்டர் அப்படியே இருக்கும், கட்டுப்படுத்தும் கணக்கும் இருக்கும். பற்றறியின் சூட்டையும் ஆயுளையும் பார்த்து எவ்வளவு மின்னோட்டம் எடுக்கலாம் என்று முடிவு செய்வதும் இதே உகப்புக் கணக்குத்தான். அவ்வளவு தூரம் ஏன், மன்னாரில் தம்பபவனிக் காற்றாலைகள் 30 நிற்கின்றன, ஒவ்வொன்றும் 3.45 மெகாவாற். காற்றின் வேகம் மாற மாற இறக்கையின் கோணத்தைத் திருப்பி, கூடிய மின்சாரத்தையும் எடுத்து, கோபுரத்தையும் காப்பாற்றுவது எஞ்சின் கணக்கின் கூடப்பிறந்த கணக்கு.

ஆகவே மகளுக்கு ஒரு நிபந்தனை போடுங்கள். மாஸ்டர்ஸ் பட்டத்தின் பெயரில் ‘எஞ்சின்’ இருக்க வேண்டாம். ‘கட்டுப்பாடு’ அல்லது, இயந்திரமும் இலத்திரனியலும் சேர்ந்த ‘மெக்கட்ரொனிக்ஸ்’ இருக்கட்டும். ஆய்வை எஞ்சினில் செய்யட்டும். எஞ்சின் போலப் பொல்லாத ஒன்றை அடக்கிப் பழகியவளுக்கு மோட்டார் பெரிய விசயமில்லை.

உள்ளூர் வேலை பற்றி மறைக்காமல் சொல்கிறேன். எஞ்சினை வடிவமைத்து விற்கிற கொம்பனி என்று சொல்ல இங்கே ஒன்றும் இல்லை. அவள் படிக்க நினைப்பதை அப்படியே செய்யும் வேலை கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ கிடைக்காது. பட்டத்தோடு நின்றால் மின்சாரத்துறை, நீர்வழங்கல் சபை, தெற்கில் தொழிற்சாலைகளின் தன்னியக்கப் பிரிவு என்று வழிகள் உண்டு. மரியாதையான வேலைகள், நான் குறை சொல்லவில்லை. வீட்டிலிருந்து போய்வரும் தூரத்தில் பிள்ளை இருக்க வேண்டும் என்பதுதான் உங்கள் முதல் விருப்பம் என்றால் அதை வெளிப்படையாக அவளிடம் சொல்லுங்கள். பற்றறியைச் சாட்டாக வைக்காதீர்கள். அவள் கெட்டிக்காரி, கண்டுபிடித்துவிடுவாள். பெண்பிள்ளைக்கு எஞ்சின் வேலையா என்று ஊரில் யாரோ கேட்டதாக எழுதியிருக்கிறீர்கள். அதற்குப் பதில் எழுதி இடத்தை வீணாக்க விரும்பவில்லை.

வெளிநாட்டுக்கு விண்ணப்பிக்க இன்னும் காலம் இருக்கிறது. அதற்குள் செய்ய வேண்டிய ஒரு வேலை உங்கள் கராஜிலேயே கிடக்கிறது. அடுத்த விடுமுறையில் லேண்ட்மாஸ்டர் எஞ்சின் ஒன்றை அவளிடம் விடுங்கள். எஞ்சின் தண்டோடு சுற்றும் பாரமான பறக்கும் சில்லில் ஒரு சின்னக் காந்தத்தை இறுக்கமாகப் பதித்து, பக்கத்தில் காந்தம் கடப்பதை உணரும் ஹோல் சென்சர் ஒன்றும் ஆடுயினோ என்ற சின்னக் கொம்பியூட்டர் போட் ஒன்றும் வைத்து, ஒவ்வொரு சுற்றுக்கும் எடுத்த நேரத்தைப் பதியட்டும். (சில்லுக்கு மூடி போடாமல் கிட்ட விட வேண்டாம். காந்தம் கழன்றால் துவக்குச் சூடு மாதிரி.) முதலில் ஒரு விநோதம் பார்ப்பாள். எஞ்சின் சீராக ஓடும்போதே ஒரு சுற்று கொஞ்சம் நீளம், அடுத்த சுற்று கொஞ்சம் குறைவு என்று மாறி மாறி வரும். ஒற்றைச் சிலிண்டர் நாலடிப்பு எஞ்சின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதானே வெடிக்கிறது. அதை வடிகட்டிவிட்டு, திடீரென்று பாரம் கொடுத்தால் வேகம் எவ்வளவு விழுகிறது, எத்தனை ஆட்டத்துக்குப் பிறகு அடங்குகிறது என்று வரைபடம் எடுக்கட்டும். பிறகு கவர்னர் ஸ்பிரிங்கை மாற்றித் திரும்ப எடுக்கட்டும். அந்த எஞ்சினுக்குச் சமன்பாடு எழுதி, கொம்பியூட்டரில் வரும் வளைவும் கராஜில் வந்த வளைவும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டினால் இறுதி வருட ஆய்வுக்கு நல்ல தொடக்கம் அது. விண்ணப்பக் கடிதத்தில் ‘எனக்குச் சிறுவயது முதலே ஆர்வம்’ என்று எல்லாரும் எழுதுகிறார்கள். இவள் அந்த வரைபடத்தை இணைக்கட்டும்.

நீங்களும் கூட நில்லுங்கள். எரிபொருள் தடை இருந்த காலத்தில், சொட்டுப் பெற்றோல் விட்டு உதைத்து எடுத்து, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி மோட்டார் சைக்கிள் ஓடிய வன்னி இது. எரிபொருள் ஒழுங்கில்லாமல் வெடித்து எஞ்சின் தட்டுவதை, அதாவது ‘நொக்’ பண்ணுவதை, காதால் பிடித்து அதற்கேற்றபடி சரிசெய்தவர்கள் உங்கள் தலைமுறை. இன்றைய காரில் அதே வேலையை நொக் சென்சர் செய்கிறது. காது பிடித்ததைச் சென்சரும் பிடிக்கிறதா என்று ஒப்பிட அவளுக்கு வீட்டில் ஆள் இருக்கிறது.

காசு விசயம். ஜேர்மனியின் அரச பல்கலைக்கழகங்கள் பெரும்பாலானவற்றில் மாஸ்டர்ஸுக்குக் கல்விக் கட்டணம் இல்லை. பாடன்-வூட்டம்பேர்க் மாநிலத்தில் வெளிநாட்டவருக்குத் தவணைக்கு 1500 யூரோ, மியூனிக் தொழினுட்பப் பல்கலைக்கழகமும் இப்போது அறவிடுகிறது. ஆனால் வீசாவுக்கு, மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் எடுக்கக்கூடிய முடக்கக் கணக்கில் வருடத்துக்கு 11,904 யூரோ காட்டச் சொல்கிறார்கள். இடிப்பது இங்கேதான். காணியை ஈடு வைக்க முன் புலமைப்பரிசில் பக்கம் பாருங்கள். ஜேர்மன் அரசின் நிதியில் நடக்கும் டி.ஏ.ஏ.டி. புலமைப்பரிசிலில் வளர்முக நாடுகளுக்கான பிரிவு வழக்கமாக இரண்டு வருட வேலை அனுபவம் கேட்கும். ஆகவே பட்டம் முடிந்த கையோடு பறக்காமல் இரண்டு வருடம் இங்கே வேலை செய்வது நட்டமில்லை. உங்கள் இரண்டாவது பயத்துக்கும் அது கொஞ்சம் தவணை. ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் முண்டுஸ் புலமைப்பரிசில் கிடைத்தால் மாதம் 1400 யூரோ வரும், போட்டி கடுமை. பாடம் ஆங்கிலத்தில் நடந்தாலும் வேலைக்கு ஜேர்மன் மொழி வேண்டும். இந்த வருடமே தொடங்கட்டும்.

இளைய மகன் சாதாரணதரத்தோடு நிற்கிறான் என்றால் அவனை அறிவியல் நகரிலேயே 2016 இல் திறந்த இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவனத்துக்குக் கூட்டிப் போய்க் காட்டுங்கள். வாகன, விவசாய இயந்திரப் பிரிவு அங்கே இருக்கிறது.

கடைசியாக, ஒரு முகவர் அனுமதி எடுத்துத் தருவதாகச் சொல்லி லட்சக்கணக்கில் கேட்கிறார் என்றீர்கள். ஜேர்மனியின் பல பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பத்தை யூனி அசிஸ்ட் என்ற பொது அமைப்பு வாங்கிப் பார்க்கிறது. முதல் விண்ணப்பத்துக்கு 75 யூரோ, அடுத்த ஒவ்வொன்றுக்கும் 30 யூரோ. மகள் தன் மேசையிலிருந்தே அனுப்பலாம். முற்பணம் எதுவும் கொடுத்துவிட்டீர்களென்றால் ரசீதைத் தேடி எடுத்து வையுங்கள். இன்னும் கொடுக்கவில்லையென்றால் அந்த ஆளின் அடுத்த அழைப்பை மகளையே பேசவிடுங்கள்.